ஒழுகுவது குழாய், தண்டனை பலூனுக்கா?

பழைய ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் வாங்குகிறவருக்கு அமெரிக்காவில் இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: "பின்பக்க ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றி எறி, காயில் ஸ்பிரிங் போடு, நிம்மதியாக இரு." வண்டியை இன்னும் ஓட்டிக்கூடப் பார்க்காதவர்கள் ஸ்பிரிங் கிட் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த அறிவுரை தவறு. காரணங்களைச் சொல்வதற்கு முன், அந்த வண்டி எப்படிப்பட்டது என்பதையும் எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டிரக் அண்ட் கோச் பிரிவு, மிச்சிகன் மாநிலத்துப் போன்டியாக் நகரில், 1973 முதல் 1978 மாடல் வரை சுமார் 13,000 வண்டிகளைக் கட்டியது. நீளம் 23 அடி அல்லது 26 அடி. ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ காரிலிருந்து எடுத்த 455 கன அங்குல வி-8 இன்ஜின், கடைசி இரண்டு ஆண்டுகளில் 403. அதே காரின் முன்சக்கர இயக்கம். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே முடிந்துவிடுவதால் பின்னால் அச்சும் இல்லை, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் இல்லை. அதனால்தான் தளம் தரையோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக இருக்கிறது. பின்பக்கம் ஒவ்வொரு புறமும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள். ஒரு சக்கரத்தின் கை முன்னோக்கி நீண்டிருக்கும், மற்றதன் கை பின்னோக்கி. இரண்டு கைகளுக்கும் மேலே தூக்கிக்கொண்டிருக்கும் நெம்புகோல் நுனிகளுக்கு நடுவில், படுக்கைவாட்டில், ஒரே ஒரு காற்றுப் பை. நம் ஊர் பஸ் பட்டறையில் பலூன் என்று சொல்வார்களே, அதேதான். சக்கரம் மேலே ஏறினால் நுனிகள் நெருங்கிப் பலூனை அமுக்கும். வேலை அவ்வளவுதான்.

இனி காயில் கட்சியின் வாதம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. இரவு நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கம்ப்ரஸர், உயர வால்வுகள், சுவிட்சுகள், ஒயர்கள் என்று ஐம்பது வயதான உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. பலூன் வெடித்தால் நெடுஞ்சாலையில் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். பழைய அளவில் அசல் பலூன் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். இரும்புச் சுருளோ ஒழுகாது, மின்சாரம் கேட்காது. முன்பக்கமே டார்ஷன் பார் என்ற முறுக்கு இரும்புத் தண்டில்தானே நிற்கிறது, பின்பக்கத்துக்கு மட்டும் எதற்கு இந்த ஆடம்பரம்? இதுதான் அவர்கள் வழக்கு. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. ஒழுகுவது எது என்று எத்தனை பேர் பார்த்தார்கள்?

வண்டி சாய்ந்துவிட்டது என்றவுடன் "ஏர் சஸ்பென்ஷன் போய்விட்டது" என்கிறார்கள். எது போனது? காற்று போனது. எந்த வழியாக என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் போதும். கம்ப்ரஸரை ஓடவிட்டு முழு அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வால்வின் பித்தளை நட்டுக்கு அடியில் கடுகளவு குமிழி ஒன்று கிளம்பும், உடையும், மறுபடி கிளம்பும். சில இடங்களில் குழாய் சேஸியின் விளிம்பில் உரசி உரசித் தேய்ந்திருக்கும், அங்கே நுரை பொங்கும். பலூனின் மடிப்புகளில் நுரை பெரும்பாலும் அசையாமல் அப்படியே கிடக்கும். ஒரு குழாயும் இரண்டு ஃபிட்டிங்கும் மாற்றினால் தீரும் கோளாறு இது. கனரக லாரிகளுக்கு விற்கும் நைலான் குழாயும் அழுத்திச் செருகும் இணைப்பும் அமெரிக்காவில் எந்த லாரி உதிரிபாகக் கடையிலும் கிடைக்கின்றன. இதற்காகச் சஸ்பென்ஷனையே மாற்றுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

ஏர் சஸ்பென்ஷனுக்கு இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இந்த வண்டி சம்பாதித்த பெயர் இல்லை. 1957-இல் காடிலாக் எல்டொராடோ ப்ரோம் என்ற மிக விலை உயர்ந்த காரில் ஜெனரல் மோட்டார்ஸ் காற்றுப் பைகளைப் பூட்டியது. 1958-இல் ஷெவர்லே, போன்டியாக், ப்யூக், ஓல்ட்ஸ்மொபீல் எல்லாவற்றிலும் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. எல்லாம் ஒழுகின. ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன, ப்ரோம் கார்களில் பலவற்றை அவற்றின் உரிமையாளர்களே காயிலுக்கு மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்க மெக்கானிக்குகளின் மனத்தில் "காற்றென்றால் தொல்லை" என்று பதிந்தது அப்போதுதான்.

ஆனால் அதே நிறுவனம் அதற்கு முன்பே, 1953-இல், பி.டி. 4104 என்ற நெடுந்தூரப் பஸ்ஸில் காற்றைப் பயன்படுத்தியிருந்தது. 1954-இல் கிரேஹவுண்ட் நிறுவனத்துக்குக் கட்டிக்கொடுத்த சீனிக்ரூஸர் பஸ்களும் காற்றின் மேல்தான் ஓடின. அந்தப் பஸ்கள் அதற்குப் பிறகு இரும்புக்குத் திரும்பவில்லை, அந்தத் தொழிலே திரும்பவில்லை. ஒரே நிறுவனம், ஒரே பத்தாண்டு, ஒரே தத்துவம். காரில் தோற்றது, பஸ்ஸில் ஜெயித்தது. காரணம் எளிது. பஸ்ஸில் பிரேக்குக்காகவே பெரிய கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது, டாங்கியில் சேரும் தண்ணீரை வடித்துவிட டிப்போவில் ஆள் இருந்தான். காரில் சின்ன கம்ப்ரஸர், வாரக்கணக்கில் நிறுத்தம், ஈரக் காற்று, பராமரிப்பு கிடையாது. காற்றுப் பை இரண்டிலும் ஒன்றுதான். கெட்டது அதற்கு வாய்த்த வீடு.

இந்த மோட்டார்ஹோமைக் கட்டியது எந்தப் பிரிவு? பஸ் கட்டிய அதே டிரக் அண்ட் கோச் பிரிவு, இருபது ஆண்டு அனுபவத்தோடு. இதைச் சொன்னால் காயில் கட்சியினர் பேச்சை மாற்றுகிறார்கள். சென்னையிலிருந்து இரவு ஏறி விடிகாலையில் மதுரையில் இறங்கும் சொகுசுப் பஸ்ஸில் நாம் தூங்குவதும் பலூன் மேல்தான். அந்தப் பஸ் முதலாளிகள் யாரும் ஆடம்பரத்துக்காகச் செலவு செய்கிறவர்கள் அல்ல.

2. "ஸ்பிரிங் என்றால் ஸ்பிரிங்தானே?"

இல்லை. இங்கேதான் மொத்த வாதமும் விழுகிறது, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மோட்டார்ஹோமின் பின்பாதி நிலையான சுமை இல்லை. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 100 கிலோ. கழிவுநீர்த் தொட்டி காலியாகவும் இருக்கும், நிறைந்தும் இருக்கும். பின்கட்டிலில் இரண்டு பேர், அவர்கள் பெட்டிகள், கருவிகள், மாதச் சாமான். புறப்படும்போதும் திரும்பும்போதும் 400 கிலோ வித்தியாசம் என்பது மிகைக் கணக்கு ஆகாது. பின்பக்கம் தாங்குவது இரண்டரை டன் என்று வைத்துக்கொண்டால் இது சுமார் 15 சதவீதம்.

சுகமான சவாரி என்பது வண்டியின் உடம்பு நொடிக்கு ஒரு தடவை, ஒன்றேகால் தடவை மெதுவாக ஏறி இறங்குவது. நொடிக்கு 1.2 தடவை என்று எடுத்துக்கொண்டால், அதற்கான இரும்பு ஸ்பிரிங் தன் சுமைக்குக் கீழ் சுமார் 17 சென்டிமீட்டர் அமுங்கி நிற்க வேண்டும். இது இயற்பியல், யாருடைய அபிப்பிராயமும் இல்லை. சுமை 15 சதவீதம் கூடினால் வால் இன்னும் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கும். சுமை ஒரு பக்கமாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் இறங்கும். இதைத் தவிர்க்கக் கடினமான காயில் போடலாம். நொடிக்கு 2 தடவை அதிரும்படி வைத்தால் ஸ்பிரிங் 6 சென்டிமீட்டர்தான் அமுங்கும், கூடுதல் சுமைக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. ஆனால் விறைப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. ரோட்டின் ஒவ்வொரு இணைப்பும் இப்போது கட்டிலுக்கு வரும், அலமாரிக்கு வரும், தண்ணீர்க் குழாய்க்கு வரும். அலுமினியச் சட்டத்தின் மேல் ஃபைபர்கிளாஸும் அலுமினியத் தகடும் பொருத்திய ஐம்பது வருட உடம்பு அத்தனையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மிருதுவாக வைத்தால் தாழும், தாழாமல் வைத்தால் உதறும். இரும்பு இந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் இரண்டிலும் பாதிப் பாதி கிடைக்கும், அதைத்தான் கிட் விற்பவர்கள் "பேலன்ஸ் செய்யப்பட்டது" என்கிறார்கள்.

காற்று வேறு மாதிரி நடந்துகொள்ளும். சுமை கூடினால் வால்வு திறந்து இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே விடும். பலூனின் உயரம் மாறாது, அழுத்தம் மட்டும் ஏறும். அழுத்தம் ஏறினால் விறைப்பும் கூடவே ஏறும். சுமையும் விறைப்பும் சேர்ந்து ஏறுவதால் நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பது ஏறத்தாழ அப்படியே இருக்கும். காலி வண்டியும் நிறைந்த வண்டியும் ஒரே உயரத்தில், கிட்டத்தட்ட ஒரே சுகத்தில் ஓடும். இந்த ஒரு குணத்துக்காகத்தான் பஸ் தொழில் காற்றுக்குப் போனது. பழுதாகிறது என்பதற்காக இதைத் தூக்கி எறிகிறவர்கள், அதற்கு ஈடாக இரும்பு எதைத் தருகிறது என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்களா?

இன்னொன்று, இது ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு. 26 அடி வண்டியின் வீல்பேஸ் சுமார் 4 மீட்டர். புதுக் காயில் வாலை 5 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தினால் மொத்த வண்டியும் சுமார் 0.7 டிகிரி மூக்குக் கவிழும், முன்சக்கரங்களின் கேஸ்டரில், அதாவது அவை திரும்பும் அச்சின் பின்சாய்வில், அதே அளவு குறையும். மொத்தக் கேஸ்டரே சில டிகிரிதான் இருக்கும் வண்டியில் இது கணிசம். "காயில் போட்ட பிறகு ஹைவேயில் கொஞ்சம் அலைகிறது" என்று சொல்லி ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றப் போகிறவர்கள், முதலில் ஒரு டேப்பை எடுத்துப் பின்பக்க உயரத்தை அளக்கட்டும்.

3. முன்பக்கம் இரும்பு என்பது எங்கள் சாட்சி.

முன்னால் என்ன இருக்கிறது? இன்ஜின், கியர்பாக்ஸ், இரண்டு இருக்கை. காலையிலும் அதே எடை, மாலையிலும் அதே எடை. மாறாத சுமைக்கு டார்ஷன் பார், மாறும் சுமைக்குக் காற்று. வடிவமைத்தவர்கள் யோசித்துச் செய்த பிரிவினை இது. அவர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. உள்ளே எதுவும் பொருத்தாத வெறும் கூடாகவும் டிரான்ஸ்மோட் என்ற பெயரில் இதே வண்டியை விற்றார்கள். வாங்கியவர் உள்ளே எதைக் கட்டி எவ்வளவு ஏற்றுவார் என்று போன்டியாக்கில் இருந்த இன்ஜினியருக்குத் தெரியாது. ஒரே பலூன் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. ஒரே காயில் இருந்திருக்குமா?

4. நிறுத்திய வண்டியையும் கணக்கில் சேருங்கள்.

மோட்டார்ஹோம் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். காயில் கட்சி ரோட்டைப் பற்றியே பேசுகிறது. முகாம் மைதானம் சமமாக இருப்பதில்லை. அசல் அமைப்பில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே இடது வாலையும் வலது வாலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம்.

சமமாக நிற்பது வெறும் சொகுசுக்கான விஷயமும் இல்லை. இந்த வண்டிகளில் இருக்கும் கேஸ் ஃப்ரிட்ஜ் அம்மோனியாவைக் கொதிக்கவைத்துக் குளிரூட்டும் வகை, மோட்டார் கிடையாது. உள்ளே திரவம் தன் எடையால் மட்டுமே வழிந்து திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் வழியில் தேங்கும், குளிர்ச்சி போகும், அப்படியே நாள்கணக்கில் விட்டால் ஃப்ரிட்ஜின் குளிரூட்டும் பகுதியே பாழாகும். காயில் போட்டவர் என்ன செய்கிறார்? சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைக்கிறார். மழையில் நாலு தடவை கட்டை நகர்த்திய பிறகு மின்சார ஜாக்கி வாங்கிப் பூட்டுகிறார். ஜாக்கிக்கு மோட்டார், மோட்டாருக்கு ஒயர், ஒயருக்கு சுவிட்ச். எளிமைக்காகத்தானே காற்றைக் கழற்றினோம்?

5. பலூன் இருந்த இடம் காயிலுக்கான இடமா?

நியாயமாகவே சொல்கிறேன்: பலூன் இருந்த அதே இடத்தில், இரண்டு நெம்புகோல்களுக்கு நடுவில் காயிலை வைத்தால் ஒரு நல்ல குணம் தப்பிக்கும். ஒரே ஸ்பிரிங் இரண்டு கைகளையும் ஒரே விசையோடு தள்ளுவதால் முன்சக்கரமும் பின்சக்கரமும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் காயில் வைத்துச் சேஸியில் முட்டுக்கொடுத்தால் அதுவும் போய்விடும். மேட்டில் ஏறும் சக்கரம் கூடுதல் பாரத்தை வாங்கும். (தனித்தனிப் பலூன் வைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினைக்கு வழி உண்டு, இரண்டையும் ஒரு குழாயால் இணைத்துவிடலாம். இரும்பை இரும்போடு குழாய் போட்டு இணைக்க முடியாது.)

ஆனால் அந்த நடு இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நெம்புகோல் நுனிகள் நேர்கோட்டில் நெருங்குவதில்லை, வளைவில் சுற்றி நெருங்குகின்றன. முகத்தோடு முகம் பார்த்திருந்த இரண்டு தட்டுகளும் சக்கரம் ஏற ஏறச் சாய்கின்றன. ரப்பர் பலூனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வளைந்துகொள்ளும். காயில் அப்படி இல்லை. நீளம் அதிகமாகவும் விட்டம் குறைவாகவும் உள்ள சுருளை இருமுனையிலும் அமுக்கினால் நடுவில் பிதுங்கப் பார்க்கும், முனைகள் சாய்ந்தால் இன்னும் சீக்கிரம் பிதுங்கும். பிதுங்காமல் இருக்க உள்ளே தண்டு விட்டால் உரசும், உரசினால் தேயும், சத்தம் போடும். ஒரு புறத்துக் கம்பிச் சுற்று மறுபுறத்தைவிட அதிகம் முறுக்கப்பட்டு, கோடிக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகு அங்கேதான் விரியும். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் அந்தக் கம்பியின் மேல்பூச்சு எத்தனை வருடம் நிற்கும்? ஒழுகாது என்பது உண்மை. உடையாது என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

6. "நடுவழியில் வெடித்தால்?"

இதுதான் அவர்களுடைய வலுவான வாதம். பயம் பொய்யில்லை. பலூன் வெடித்தால் அந்தப் பக்கம் பொதுக்கென்று இறங்கி ரப்பர் கட்டையின் மேல் உட்காரும், வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டத்தான் வேண்டும். ஆனால் பலூன் நோட்டீஸ் கொடுக்காமல் போவது அபூர்வம். மடிப்பில் வெடிப்பு தெரியும், பிறகு உள்ளே இருக்கும் நூல் தெரியும். டயர் வாங்கிய தேதியைக் குறித்து வைப்பவர் பலூன் வாங்கிய தேதியையும் குறித்து வைத்தால் முடிந்தது. டயரும்தான் வெடிக்கிறது, அதற்காக யாரும் இரும்புச் சக்கரத்துக்கு மாறவில்லை.

உடைந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். வண்டியைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துகிறீர்கள். (இதில் விளையாடக் கூடாது. காற்றை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் படுக்கக் கூடாது என்று காயில் கட்சி எச்சரிப்பது முழுக்க முழுக்கச் சரி.) மிச்சக் காற்றைத் திறந்துவிட்டால் பலூன் தொளதொளவென்று ஆகிவிடும். அதில் சேமித்த சக்தி எதுவும் மிச்சமில்லை. கைக் கருவிகளாலேயே கழற்றி மாற்றுப் பலூனைப் பூட்டலாம், அந்த மாற்றுப் பலூன் கட்டிலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். அதே இடத்தில் உடைந்த காயிலை நினைத்துப் பாருங்கள். டன் கணக்கில் விசையோடு அமுங்கிக் கிடக்கும் இரும்பைத் திறந்துவிட அதில் வால்வு கிடையாது. அமுக்கிப் பிடிக்கத் தகுந்த கருவி வேண்டும், பட்டறை வேண்டும், பயம் அறிந்த ஆள் வேண்டும். நடுவழியில் தவிப்பது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

7. பலூன் விலை.

அசல் இரட்டை முனைப் பலூன் அரிதானதும் விலை ஏறியதும் உண்மை. அதிலிருந்து காயிலுக்குப் போகச் சொல்வது தர்க்கத்தில் ஒரு தாவல். ஒரு குறிப்பிட்ட பலூன் கிடைக்கவில்லை என்றால் வேறு பலூனைப் பூட்டுவதுதான் அடுத்த படி. லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் காற்றுப் பைகள் பெருமளவில் தயாராகின்றன; அவற்றை இந்தக் கைகளில் பொருத்தும் தாங்கிகளைச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழியில் போனால் கம்ப்ரஸர், வால்வு, உயரச் சரிசெய்தல் எல்லாம் அப்படியே வேலை செய்யும். கம்ப்ரஸர் பழையதாகிவிட்டதா, புதுசாக ஒன்றும், கூடவே ஈரத்தை உறிஞ்சும் டிரையர் ஒன்றும் போடுங்கள். 1958-ஆம் ஆண்டுக் கார்களுக்குக் கிடைக்காதது அந்த டிரையர்தான். பழைய வால்வுகளின் தொல்லை வேண்டாம் என்பவர், ஒவ்வொரு புறத்துக்கும் ஒரு டயர் வால்வும் ஒரு அழுத்தக் கடிகாரமும் வைத்து, பெட்ரோல் பங்கில் கையாலேயே காற்றடித்துக்கொண்டும் ஓட்டலாம். அதுவும் எளிமையானதுதான், காற்றின் குணம் பெரும்பாலும் கையில் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் காயில்தான் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். வண்டியை எப்போதும் ஒரே சுமையில், சமதளத்தில், நல்ல ரோட்டில் மட்டும் ஓட்டும் ஒருவருக்கு அது பொருந்தக்கூடும். அவரிடம் கேட்பது ஒன்றுதான்: கைகளை அறுக்கவோ வெல்டு வைக்கவோ சொல்லும் கிட்டை வாங்காதீர்கள். கழற்றிய வால்வு, கம்ப்ரஸர், போல்ட் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, பின்பக்க உயரம் முன்பு எவ்வளவு இருந்தது என்று அதன் மேல் எழுதி வையுங்கள். வண்டியை அடுத்து வாங்குகிறவர் கேட்பார்.